சீர்வரிசையில் ஓர் ஈயச் சட்டி

கலைக்கு,

பெங்களூரில் வேலைப் பயிற்சி எப்படிப் போகிறது என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் அதை நேற்றே போனில் கேட்டுவிட்டேன். சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்பதைத் தவிர வேறு குறையில்லை என்றாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பேச்சின் கடைசியில், போனை வைக்கப்போகிற அவசரத்தில், "அப்பா, துப்பாக்கிய நான் எடுத்துக்கினு போகல. சட்டி, அச்சு எல்லாத்தையும் பரண் மேல போட்டுடு" என்றாய். நானும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் தாலுகா நிருபராக இருந்தவன் நான். ஒரு மனுஷர் எழுந்து போகிற நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வதுதான் செய்தி, அதற்குமுன் சொன்னதெல்லாம் முன்னுரை என்பது எனக்குத் தெரியும். போனில் உன்னோடு வாதாடலாம்தான், ஆனால் அம்மா பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டுவாள். நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நாளைக்கு உன் பிள்ளைகள் யாராவது இதை எடுத்துப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஆவணியில் உனக்கும் இசக்கிக்கும் கல்யாணம். தை மாதம் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி. அதில் கலந்துகொள்ள நீ தேர்வாகியிருக்கிறாய். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றி முடிந்ததும் இசக்கியின் அம்மா, உன் வருங்கால அத்தை, உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மயினி, பொண்ணு தங்கம். ஒரே ஒரு காரியம் கேக்கேன். அந்தத் துப்பாக்கி மட்டும் எங்க வீட்டுக்கு வேண்டாம். ஊர்லேருந்து நாலு சனம் வரும், போவும். மருமவ துப்பாக்கி வச்சிருக்கான்னா நான் மூஞ்சிய எங்கன வைக்கது?" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் இசக்கியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். நாங்கள் பார்த்து முடிப்பதற்குள் நீ "சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டாய், அதுவும் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. ஒன்பதோ பத்தோ வாங்க வேண்டிய இடத்தில் ஆறு வாங்கிவிட்டு, இலக்குக் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைக்கும்போது சிரிப்பாயே, அதேதான்.

அது எப்பேர்ப்பட்ட துப்பாக்கி என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டா கிடையாது, மருந்து கிடையாது. காற்றழுத்தத்தில் வேலை செய்கிற ஏர் ரைஃபிள். கடற்கரையில் பலூன் சுட வைத்திருக்கிறார்களே, அதற்குப் படித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து மீட்டர் தள்ளி ஒரு காகிதம், அதன் நடுவில் முற்றுப்புள்ளி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அதில் மிளகு அளவுள்ள ஓர் ஈயப் பெல்லட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். கல்லூரி முதல் வருஷத்தில் தோழி ஒருத்தியோடு சென்னையில் ஒரு ரைஃபிள் கிளப்புக்கு வேடிக்கை பார்க்கப் போன நீ, திரும்பி வந்து இரண்டு நாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்னவென்று கேட்டதற்கு, "மூச்சு விடாம ஒரு நிமிஷம் நின்னா, மனசுல ஒண்ணுமே இல்லப்பா. எனக்கு அது புடிச்சிருக்கு" என்றாய். எந்நேரமும் மண் லாரியும் கம்பெனி பஸ்ஸும் போய்க்கொண்டிருக்கிற இந்தப் பிள்ளைப்பாக்கத்தில், மனதில் ஒன்றுமே இல்லாமல் ஒரு நிமிஷம் நிற்க ஒரு வழி இருக்கிறது என்றால், அதற்கு நானும் உடந்தையாக இருப்பது என்று முடிவு செய்தேன். கிளப்பில் ஒருவர் பழைய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவதாகச் சொன்னார். பழையது நம் வீட்டுக்கு வந்தது.

துப்பாக்கி வந்த பிறகுதான் பெல்லட்டின் குணம் தெரிந்தது. கடையில் வாங்கிய ஒரே டப்பாவுக்குள் இருந்தவை ஒன்றைப்போல ஒன்று இல்லை. ஒன்று கொஞ்சம் கனம், ஒன்று கொஞ்சம் சப்பை, இன்னொன்றின் பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கிற விளிம்பு மடங்கியிருக்கும். நீ ஒழுங்காகத்தான் சுட்டாய், ஆனால் அது தன் இஷ்டத்துக்குப் போயிற்று. தவறு கையிலா பெல்லட்டிலா என்று தெரியாமல் நீ தவித்தாய். எனக்கு அந்த ஐயம் தாங்கவில்லை. ஒரு செய்தியில் தவறு வந்தால் அது நிருபர் செய்ததா, அச்சுக்கோப்பவர் செய்ததா என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாளும் அதே தவறு வரும். நல்ல வெளிநாட்டுப் பெல்லட்டுகள் கிளப்பில் எப்போதாவது வரும், வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அப்போதுதான் நாமே ஊற்றினால் என்ன என்று கேட்டாய். எனக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது, உனக்கும் தெரியாது. இருவரும் ஒரே வகுப்பில் ஒரே நாளில் சேர்ந்தோம் என்பதை நீ மறந்துவிடக் கூடாது.

எதிர்வீட்டு தனசேகர் மாமா ஒரகடத்தில் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில், அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் இருந்தார். நண்பரின் லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து இரண்டு இரும்புத் துண்டுகளைக் குடைந்து, இடுக்கி மாதிரிப் பிடி வைத்து, ஓர் அச்சு செய்து தந்தார். மூடிப் பிடித்து மேலே இருக்கிற துளையில் உருகிய ஈயத்தை ஊற்றித் திறந்தால் இரண்டு பெல்லட் விழ வேண்டும். விழுந்தன. இரண்டும் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரித் தோல் சுருங்கியிருந்தன. திரும்பத் திரும்ப ஊற்றினோம், சுருக்கம் போகவில்லை. நான் அச்சைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், மாமாவின் வேலையைப் பற்றி மரியாதையாக ஒரு குறை சொன்னேன். அவர் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அச்சு குளுந்து போய் கீது சார். சும்மா ஊத்திக்கினே இரு. மொதல்ல வர்றதெல்லாம் திரும்ப சட்டியிலயே போடு. அச்சுக்குச் சூடு ஏறினப்புறம் நல்லா வர்லன்னா அப்ப என்னைத் திட்டு" என்றார். திட்ட வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் வழவழவென்று முதல் பெல்லட் விழுந்தபோது நீ போட்ட கூச்சலில் பக்கத்துக் கொட்டகை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

அந்த நாட்களில் இந்த வேலைக்குச் சட்டம் வகுத்தவள் அம்மா. பால்வாடியில் குழந்தைகளோடு இருப்பவள், ஈயம் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சட்டி சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது. திறந்தவெளியில், முருங்கை மரத்துப் பக்கம்தான் பம்ப் ஸ்டவ். அதற்கென்று தனிச் சட்டை, முழங்கை வரை சோப்பு, அதன் பிறகுதான் சாப்பாட்டுத் தட்டு. சட்டிப் பக்கம் தண்ணீர் வரவே கூடாது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலே ஈயம் வெடித்துத் தெறிக்கும் என்பதால் உனக்கும் எனக்கும் நெற்றியில் துண்டு கட்டிவிடுவாள். பாதயாத்திரை கிளம்புகிறவர்கள் மாதிரி இருப்போம். ஒருநாள் அவசரத்துக்குச் சமையலறையிலிருந்து ஒரு குழிக்கரண்டியை நான் எடுத்து ஈயத்தில் விட்டுவிட்டேன். அம்மா அதைப் பார்த்தாள். "அந்தக் கரண்டி இன்னியோட செத்துப்போச்சு. அது இனிமே உங்களோடது. சாம்பார் ஊத்த என்னா பண்ணப்போறீங்கன்னு நீங்களே யோசிங்க" என்றாள். ஒரு வாரம் டம்ளரில் மொண்டு சாம்பார் ஊற்றிக்கொண்டோம். அம்மா வேண்டுமென்றேதான் புதுக் கரண்டி வாங்கவில்லை என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

சுட்ட ஈயத்தைத் திரும்ப எடுப்பது இன்னொரு கூத்து. காகிதத்துக்குப் பின்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டி வைத்திருந்தோம். கொஞ்சம் குறி தவறியவை பெட்டியைத் தாண்டி வேலியோர மண்ணில் புதைந்தன. மாதத்துக்கு ஒருமுறை நீயும் நானும் அந்த மண்ணை அள்ளிச் சல்லடையில் சலித்து, பெல்லட்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போடுவோம். ஊரில் அப்போது நிலம் கைமாறாத வீடே இல்லை. ஒருநாள் டூவீலரில் போன புரோக்கர் ஒருவர் வேலியோரம் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் வேறொரு புரோக்கரையும் கூட்டிக்கொண்டு வந்தார். "இன்னா சார், மண்ணுக்குள்ள இன்னா கீது?" என்று கேட்டார். நான் நிருபர், உண்மையைத்தான் சொல்வேன். "ஈயம்" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எவ்ளோ ஆழத்துல?" என்று கேட்டார் இரண்டாமவர். நீ சல்லடையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாய். நீ உள்ளே சிரிப்பது எனக்குக் கேட்டது. எவ்வளவு விளக்கியும் அவர்கள் நம்பவில்லை. "இவரு பேப்பர்காரு, வெளிய சொல்ல மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அந்த வருஷம் நம் பக்கத்து நிலத்தில் மண்வெட்டியும் கடப்பாரையுமாக இரண்டு பேர் குழி தோண்டிப் பார்த்ததற்கு நானும் நீயும்தான் காரணம்.

முதலில் நமக்குக் கிடைத்த ஈயம் மிருதுவானது. நெடுஞ்சாலையை அகலப்படுத்தத் தோண்டியபோது பழைய டெலிபோன் கேபிள்கள் வெளியே வந்தன. அவற்றின் மேல் சுற்றியிருந்த ஈய உறை காயலான் கடைக்கு வந்தது. நகத்தால் கீறினாலே கோடு விழும். ஏர் ரைஃபிளுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தக் கேபிளும் தீர்ந்துபோன சமயத்தில்தான் நம் மாடி அறைக்கு இசக்கி குடிவந்தான். உடன்குடிப் பக்கத்துப் பையன். சுங்குவார்சத்திரத்தில் ஒரு வீல் அலைன்மென்ட் கடையில் வேலை. கார்ச் சக்கரம் ஆடாமல் சுற்றுவதற்காக அதன் விளிம்பில் சின்னச் சின்ன ஈயக் கட்டிகளை அடித்து வைப்பார்கள். பழைய கட்டிகளைக் கழற்றிப் போட்டு வைத்திருக்கிற டின் ஒன்று அந்தக் கடையில் இருந்தது. நாம் ஈயத்துக்கு அலைவதைப் பார்த்து, முதலாளியிடம் கேட்டுக் கொஞ்சம் வாங்கி வந்தான். அது கேபிள் ஈயத்தைவிடக் கொஞ்சம் கடினம்தான், ஆனாலும் பயிற்சிக்குப் போதும் என்றாய். மிச்சமிருந்த மிருதுவானதோடு கலந்து ஊற்றிப் பார்த்து, எவ்வளவுக்கு எவ்வளவு என்று பிடித்துவிட்டாய். அதன் பிறகு அவன் மாடியேறும்போதெல்லாம் சட்டைப்பையில் ஏதோ குலுங்கும். எனக்கு அது ஈயம் கொண்டுவருகிற சத்தமாக மட்டுமே கேட்டது. அம்மாவுக்கு அப்போதே வேறு மாதிரி கேட்டிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கிற தேர்வுப் போட்டி போன வருஷம் நடந்ததே, அதற்கு முந்தைய வாரத்தை எடுத்துக்கொள். நீ போட்டிக்கென்று புதிதாக ஊற்ற வேண்டும் என்றாய். இசக்கி ஒரு பை நிறையக் கட்டிகள் கொண்டுவந்தான். வழக்கமான அழுக்குக் கட்டிகள் இல்லை, பளபளவென்று புதிதுபோல இருந்தன. "சார், இருக்கதுலயே நல்லதாப் பாத்துப் பொறுக்குனேன்" என்று என்னிடம்தான் சொன்னான், ஆனால் உன்னைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சட்டியில் போட்டோம். பாதி உருகிற்று. மீதி, அந்தப் பளபளப்பானவை, உருகாமல் மேலே மிதந்தன. "இன்னும் உருகலியே சார்" என்றான். நீ, "கொஞ்சம் இருப்பா, ஏன் மெதக்குதுன்னு பாப்போம்" என்றாய். எனக்கு அன்று சாயங்காலம் செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. "பாக்கறதுக்கு என்னா கீது, சூடு பத்தல" என்று சொல்லி ஸ்டவ்வை அடித்துத் தீயைக் கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் உருகிற்று. கரண்டியை விட்டால் திரிந்த பாலைக் கிளறுவது மாதிரி இருந்தது. அச்சில் ஊற்றினால் பாதியில் நின்றது. ஒரு பெல்லட்டுக்குத் தலை இல்லை, ஒன்றுக்குப் பாவாடை இல்லை. நாள் முழுவதும் ஊற்றியும் ஒன்றுகூட உருப்படி இல்லை.

காரணம் பிறகு தனசேகர் மாமா சொல்லித் தெரிந்தது. அந்தப் பளபளப்புக் கட்டிகள் ஈயமே இல்லை, துத்தநாகம். கப்பலேறி வெளிநாடு போகிற கார்களுக்கு ஈயக் கட்டி வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டதால், இங்கே வேறு கட்டி போட ஆரம்பித்திருந்தார்கள். கம்பெனியில் சோதனைக்கு ஓட்டிப் பார்க்கிற அப்படிப்பட்ட வண்டி ஒன்றோ இரண்டோ அந்த அலைன்மென்ட் கடைக்கு வந்திருக்கிறது. டின்னில் இருந்த அவ்வளவு அழுக்கிலும் தேடித் தேடி, நமக்கு ஆகாததை மட்டும் நல்லது என்று பொறுக்கி வந்திருக்கிறான் இசக்கி. ஈயம் உருகுகிற சூட்டில் துத்தநாகம் உருகாது. தீயை அளவாக வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்திருந்தால், மேலே மிதந்ததை அப்படியே கரண்டியால் எடுத்து எறிந்திருக்கலாம். தீயைக் கூட்டி இரண்டையும் கலந்த பிறகு, சட்டியோடு கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நல்ல ஈயமும் அதோடு போயிற்று.

நீ என்னைத் திட்டவில்லை, அவனையும் திட்டவில்லை. முன்பு நகைக்கடைத் தராசில் நிறுத்து, இம்மி வித்தியாசம் என்று ஒதுக்கிப் போட்ட பழைய பெல்லட் டப்பாவை எடுத்துவைத்து, இருப்பதில் நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு போட்டிக்குப் போனாய். தேர்வாகவில்லை. ஒரு புள்ளியில் போயிற்று. சாயங்காலம் நாம் வீடு திரும்பியபோது இசக்கி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான், காலடியில் ஒரு எண்ணெய் டின். ஒரகடத்திலிருந்து மறைமலை நகர் வரை பஞ்சர் கடை, டயர் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கியிருக்கிறான். ஒவ்வொரு கட்டியையும் நகத்தால் கீறிப் பார்த்திருக்கிறான். கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. "எல்லாம் பழசு. இருக்கதுலயே அழுக்காப் பாத்துப் பொறுக்கிட்டு வந்திருக்கேம்" என்றான். தோற்றுவிட்டு வந்தவள் நீ, அந்தப் படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "ஒனக்கு நல்லது பாத்து எடுக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நீ பாத்து எடுத்ததுல என்னையும் சேத்துக்கினா நான் என்னாவேன்?" என்றாய். அம்மா என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், "இன்னும் அங்கயே நின்னுக்கினு இன்னா பாக்கறீங்க?" என்றாள். அப்போதுதான் எனக்குச் செய்தி கிடைத்தது. தாலுகா முழுக்க எந்தச் செய்தியும் எனக்கு முதலில் வரும் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவன், சொந்த வீட்டுச் செய்தியில் கடைசி ஆளாக இருந்தேன். மாப்பிள்ளை எந்த ஊர், என்ன ஆட்கள் என்று துருவித் துருவிக் கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் அம்மா, "மாடி வீட்டுப் பையன்" என்று ஒரே பதிலைச் சொல்லி முடித்ததும் உனக்குத் தெரியும். அடுத்த வருஷம் அந்த அழுக்கு டின்னிலிருந்து ஊற்றிய பெல்லட்டில்தான் நீ தேர்வானாய்.

இப்போது நான் சொல்ல வந்தது. அன்றைக்குச் சட்டியில் நான் செய்ததைத்தான் நீ நிச்சயதார்த்தத்தன்று செய்தாய். அத்தை ஒன்றைச் சொன்னார். அது என்ன, எதனால் சொல்கிறார் என்று பார்க்க ஒரு நிமிஷம்கூட நீ விடவில்லை. பிரச்சினை வரக் கூடாது என்கிற அவசரத்தில் தீயைக் கூட்டி, அவருடைய பயத்தையும் உன் ஆசையையும் ஒன்றாக உருக்கி, சரிங்க அத்தை என்று ஊற்றிவிட்டாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கத் தெரிந்த பெண் நீ. காகிதத்துக்கு முன்னால் நிற்கிற அந்தப் பொறுமையில் கொஞ்சத்தை மனுஷர்களுக்கு முன்னாலும் வைத்துக்கொள். மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உடனே சொல்லாதே என்றுதான் சொல்கிறேன். இன்னொன்று. புது வீட்டில் முதல் சில மாதம் நீங்கள் பேசுவது, செய்வது எல்லாம் சுருக்கம் விழுந்துதான் வரும். உன் சமையல் அவர்களுக்குப் பிடிக்காது, அவர்கள் பேசுவது உனக்குப் புரியாது. அச்சு சரியில்லை என்று தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போகாதே. நான் போய்விட்டு வந்து எவ்வளவு அசடு வழிந்தேன் என்று பார்த்தாயே.

கடிதம் இங்கே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் இன்று காலை ஒன்று நடந்தது. அதைச் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு, இருந்தாலும் சொல்கிறேன். உன் ஈயத்தைக் கடைசியாக ஒருமுறை ஊற்றித் தீர்த்துவிடலாம், பரணில் வீணாகக் கிடப்பதற்குப் பெல்லட்டாக இருக்கட்டும் என்று முருங்கை மரத்தடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்திருந்தேன். இசக்கி கல்யாணப் பத்திரிகை வாங்கிப் போக வந்தான், பின்னாலேயே அவன் அம்மா. மாடி அறையைக் காலி செய்துவிட்டு, நீங்கள் மூவரும் இருப்பதற்காக அவன் சுங்குவார்சத்திரத்தில் பிடித்திருக்கிற வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்களாம், அந்த நெடி தாங்காமல் கூட வந்துவிட்டாராம். சட்டியை ஒளிக்க நேரமில்லை. நெற்றியில் துண்டு, கையில் கரண்டி, சம்பந்தியம்மா முன்னால் நான் நின்ற கோலத்தைக் கற்பனை செய்துகொள். அவர் தூரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மேலே பாலேடு மாதிரிப் படிந்த கசட்டைக் கரண்டியால் ஒதுக்கினேன், ஊற்றினேன், அச்சைத் தட்டினேன், இரண்டு விழுந்தன. இன்னும் பக்கத்தில் வந்தார். "ஏல இசக்கி, இது கருப்பட்டி ஊத்துத மாரில்லா இருக்கு" என்றார்.

அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியவர் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. இவ்வளவு நாளாக நாம் யாரும் கேட்கவில்லை. அங்கே அச்சுக்குத் தேங்காய்ச் சிரட்டையாம். பாகு பொங்கி வரும்போது தீயைத் தணித்து, நுரையை ஒதுக்கி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவார்களாம். மிளகு அளவுக் கருப்பட்டியை அவர் பார்த்ததில்லையாம். "கொண்டாங்க அண்ணாச்சி" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். நான் என் நெற்றித் துண்டை அவிழ்த்துத் தரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அம்மா உள்ளேயிருந்து புதுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர் நெற்றியில் கட்டிவிட்டாள். ஊற்றியது கொஞ்சம் சிந்திற்று, அச்சும் இதற்குள் ஆறிவிட்டிருந்தது. இரண்டும் சுருங்கித்தான் விழுந்தன. அவர் அசரவில்லை. "மொத ஊத்து அப்பிடித்தாம் இருக்கும்" என்று தானே சட்டியில் திரும்பப் போட்டுவிட்டார். அதன் பிறகு ஒரு கை நிறைய ஊற்றினார். "இத வச்சு என்ன செய்வா?" என்று கேட்டார். இசக்கி உன் பழைய இலக்குக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். நடுவில் ஒரே ஓட்டை. "ஒரு ஓட்டைதான இருக்கு?" என்றார். "பத்து தடவ சுட்டதும்மா, எல்லாம் ஒரே எடத்துலதாம் போயிருக்கு" என்றான். அவர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்த ஓட்டை வழியே அவனைப் பார்த்தார். "இதுக்கா நான் பயந்தேன்? சினிமால கொள்ளைக்காரன் வச்சிருப்பாம்லா, அந்த மாரின்னு நெனச்சேன்" என்றார்.

போகும்போது துப்பாக்கிப் பெட்டியைக் காட்டச் சொன்னார். கையால் சாண் சாணாக அளந்தார். "பீரோக்குப் பின்னால நிக்காது. கட்டிலுக்கு அடியில படுக்கப் போடலாம். சட்டி வைக்க மாடிப்படிக்குக் கீழ எடங் கெடக்கு" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணாச்சி, நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிராதிய. வேண்டாம்னு சொன்னது நாந்தான். ஆனா அந்தப் புள்ள ஒரு வார்த்த எங்கிட்ட ஏன்னு கேக்கலியே. கேட்டா நான் என்ன அடிக்கவா போறேன்? அவளா வாய் தெறந்து கேக்கட்டும்" என்றார். நான் தலையாட்டினேன். கிடைத்த செய்தியை அடக்கிவைத்துப் பழக்கமில்லாத தொழில் என்னுடையது என்பது அவருக்குத் தெரியாது, பாவம்.

ஆகவே, இதைப் படித்ததாக நீ காட்டிக்கொள்ளாதே. ஊருக்கு வந்ததும் அத்தையைப் போய்ப் பார். முதலில் கருப்பட்டியைப் பற்றிக் கேள், நிறையச் சொல்வார், உட்கார்ந்து கேள். அதன் பிறகு உன் மனதில் இருப்பதை நீயே கேள். பரணில் எதையும் ஏற்றவில்லை. அம்மா இன்று மத்தியானம் சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டக் கடைக்குப் போனாள். அண்டா, குடம், தட்டு எல்லாவற்றிலும் உன் பெயர். கூடவே புதிதாக ஒரு குழிக்கரண்டியும் வாங்கியிருந்தாள். அதை நீட்டியதும் பெயர் வெட்டுகிறவர், "இதுலயும் பொண்ணு பேர்தானம்மா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லப்பா, நான் சொல்றத அப்படியே வெட்டு" என்றாளாம். கரண்டி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. காம்பில் அழகான எழுத்தில் வெட்டியிருக்கிறது: சமையலுக்கு அல்ல.

அப்பா